பிஸ்டன் ரிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

மேசைமேல் வைத்து ஓட்டுகிற அளவில் ஒரு பெட்ரோல் என்ஜினை நானே கடைந்து செய்ய வேண்டும் என்று இறங்கியபோது என் கையில் மூன்று புத்தகங்கள் இருந்தன. சென்னை ஐஐடி பேராசிரியர் வி. கணேசன் எழுதிய ‘இன்டர்னல் கம்பஸ்சன் என்ஜின்ஸ்’. அக்கா மகன் தன் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்த ஜான் ஹேவுட்டின் தடித்த என்ஜின் தியரி நூல், 1988இல் வந்தது. மூன்றாவது, தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்தவர்கள் பரீட்சை ஹாலுக்குள்ளேயே எடுத்துப்போகிற கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக். மூன்றையும் சேர்த்தால் ஆயிரத்தைந்நூறு பக்கத்துக்கு மேல் வரும். பிஸ்டனைச் சுற்றி மாட்டி, சிலிண்டரில் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்தான் பிஸ்டன் ரிங். அப்படி ஒரு சின்ன ரிங்கை எதிலிருந்து கடைவது, எப்படிப் பிளப்பது, பிளந்ததை எப்படி விரிந்து நிற்க வைப்பது என்று எனக்கு வேண்டியிருந்த விஷயம் எதிலும் கிடைக்கவில்லை.

அந்தப் புத்தகங்கள்மேல் குறை இல்லை. நான் கேட்ட கேள்விக்காக எழுதப்பட்டவை அல்ல அவை, அவ்வளவுதான். எந்தப் புத்தகம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. இதே ஆசையோடு லேத்துக்கு முன்னால் நிற்கும் இன்னொருவருக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பள்ளிகொண்டா பக்கம், பாலாற்றங்கரை. தாத்தாவின் மல்லாட்டைக் கொல்லைக் கிணற்றில் ஒரு ஆயில் என்ஜின் இருந்தது. ஐந்து குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், ஆள் உயரத்தில் பாதிக்கு ஃப்ளைவீல். தாத்தா ஹேண்டில் போட்டுச் சுற்றி, வேகம் ஏறியதும் லிவரைத் தட்டுவார். டுப், டுப் என்று அது உயிர் பிடிக்கும் அந்த இரண்டு விநாடிக்காக விடியற்காலையில் எழுந்து கூடவே ஓடுவேன். ஐ.டி.ஐ. முடித்து, ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராகச் சேர்ந்து, தோல் ஊறும் மர டிரம்களின் கியரையும் ஷேவிங் மிஷின்களையும் பழுது பார்த்தபடியே காலம் போய்விட்டது. வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த 2019இல் ஓய்வு பெற்றேன். வேலை பார்த்த இடம் ராணிப்பேட்டை மாவட்டம் ஆனது, காட்பாடியில் இருக்கும் வீடு வேலூர் மாவட்டத்திலேயே தங்கியது. வீட்டுப் பின்கட்டில் பழைய சிறிய லேத் ஒன்றை வாங்கிப் போட்டேன். பெரிய வேலைக்கு நாலு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறை உண்டு. அதன் மேஸ்திரி என் நெடுநாள் பழக்கம்.

தாத்தாவின் என்ஜினை அப்படியே சுருக்கிச் செய்துவிடலாம் என்பதுதான் முதல் எண்ணம். அந்த ரக என்ஜினின் சிலிண்டர் துளை 80 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக் 110 மி.மீ. கணக்குப் போட்டால் சுமார் 550 சி.சி. துளையை 25 மி.மீ. ஆக்கினால் ஸ்ட்ரோக் 35-க்குப் பக்கமாக வரும், கொள்ளளவு 17 சி.சி. நோட்டில் எழுதும்போது எல்லாம் சுலபமாகவே தெரிந்தது.

சுருக்கும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பது ஹேவுட்டைப் படித்தபோது மெல்லப் புரிந்தது. இங்கே தியரி புத்தகம் பெரிய உதவி செய்தது என்பதை நன்றியோடு சொல்கிறேன். நீளம் 3.2 மடங்கு குறைந்தால் சிலிண்டரின் உட்பரப்பு பத்து மடங்கு குறைகிறது, கொள்ளளவோ முப்பத்திரண்டு மடங்குக்கு மேல் குறைகிறது. அப்படியென்றால் உள்ளே எரியும் ஒவ்வொரு சி.சி. வாயுவுக்கும் சூட்டை உறிஞ்ச மூன்று மடங்குக்கு மேல் சுவர் கிடைக்கிறது. பெரிய என்ஜினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்குமோ அதே இடைவெளியைச் சின்னதிலும் விட்டால், உள்ளே இருக்கும் காற்றோடு ஒப்பிடும்போது கசிவு பத்து மடங்கு. பெட்ரோல் துளியின் அளவும் சுருங்காது. ஸ்பார்க் பிளக் இடைவெளியைத் தாண்டுகிற மின்சாரத்துக்கும் என்ஜின் சின்னது என்று தெரியாது.

பெரிய என்ஜினில் பத்து விஷயங்களில் ஒன்றாக இருக்கும் கசிவு, சின்ன என்ஜினில் முதல் விஷயமாகிவிடுகிறது. ரிங்கும், வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பான வால்வு சீட்டும் காற்றைப் பிடித்தால் என்ஜின் ஓடும். பிடிக்காவிட்டால் கிராங்க் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை. நல்ல மாடல் என்ஜின் புத்தகம் எது என்று தெரிந்துகொள்ள நான் இப்போது வைத்திருக்கும் சோதனை இதிலிருந்து வந்ததுதான். புத்தகம் கையில் கிடைத்ததும் முன்னுரையைப் பார்ப்பதில்லை, அட்டையிலுள்ள படத்தைப் பார்ப்பதில்லை. நேராகப் பிஸ்டன் ரிங் வரும் பக்கத்தைத் திறக்கிறேன். ‘ரிங் ஒன்று பொருத்தவும்’ என்று ஒரே வரியில் கடந்துபோனால் மூடிவிடுகிறேன். என்ன இரும்பு, எவ்வளவு தடிப்பு, பிளந்த வாயின் இடைவெளி எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று எழுதியிருந்தால் மீதிப் பக்கங்களையும் நம்பலாம். அதற்கு அடுத்து வால்வு சீட். மூன்றாவதாக, ‘ஸ்டார்ட் ஆகாவிட்டால்’ என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பார்க்கிறேன். தன் கையால் செய்து, ஓடாமல் தவித்து, பிறகு ஓட வைத்த ஆள் அந்தப் பகுதியை எழுதாமல் விடமாட்டார்.

தேடத் தொடங்கியது மாவட்ட மைய நூலகத்தில். பொறியியல் அலமாரியில் பாடப் புத்தகங்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும்தான் கண்ணில் பட்டன. வேலூர் புத்தகத் திருவிழாவிலும் அதே நிலை. பிறகு ஒருநாள் காட்பாடியில் காலை ரயில் பிடித்துச் சென்னை போனேன். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்துசேரும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கே எனக்குக் கிடைத்தது மாடல் என்ஜின் புத்தகம் இல்லை, நூறு வருடத்துக்கு முந்தைய பெரிய என்ஜின் புத்தகம். ஆனால் அன்று படித்த இரண்டு மணி நேரம் வீண் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய என்ஜின்கள் மெதுவாக ஓடின, குறைந்த அழுத்தத்தில் ஓடின, கையால் பொருத்தப்பட்டன. வீட்டு லேத்தில் செய்யும் மாடலுக்கு இன்றைய பைக் என்ஜினைவிட அவைதான் நெருங்கிய உறவு. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கத்திலேயே இடம் மாறிய பழைய புத்தகக் கடைகளிலும், ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலும் தேடினேன். அங்கே எனக்குச் சிக்கியது லேத் வேலை பற்றிய ஒரு பழைய ஆங்கில நூல். அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

நெட்டில் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஐ.சி. என்ஜின் மாடல்’ என்று போட்டால் கம்ப்யூட்டரில் என்ஜினைக் கணக்காக எழுதிப் பார்க்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரிசைகட்டி நிற்கும். ‘மினி என்ஜின்’ என்று போட்டால் மினி காருக்கான உதிரி பாகம் வரும். இந்தக் கலைக்கு வெளிநாட்டில் வழங்கும் பெயர் ‘மாடல் இன்ஜினியரிங்’. அந்தச் சொல்லைப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. அதைவிட நல்ல வழி, வடிவமைத்தவர் பெயரைப் போட்டுத் தேடுவது. ஒரு பெயர் கிடைத்தால் அவர் தன் புத்தகத்தில் நன்றி சொல்லும் இன்னொரு பெயர் கிடைக்கும். அப்படியே கோத்துக்கொண்டு போகலாம்.

எனக்கு முதலில் கிடைத்த பெயர் எட்கர் வெஸ்ட்பரி. இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898இல் தொடங்கிய ‘மாடல் இன்ஜினியர்’ இதழில் பல பத்தாண்டுகள் எழுதியவர். அவர் வடிவமைத்த ‘சீல்’ என்ற நாலு சிலிண்டர் என்ஜின் மொத்தமே 15 சி.சி. அதைச் செய்யும் திறமை எனக்கு இல்லை. ஆனாலும் அவர் எழுத்தைப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூத்த ஃபிட்டர் பேசுவது போலிருக்கும். இந்த இடத்தில் ஏன் இந்த உலோகம், இந்தச் சுவரை இதைவிட மெல்லியதாக்கினால் என்ன ஆகும் என்று காரணத்தோடு சொல்லிக்கொண்டே போவார். பழைய இதழ்களை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வடிவமைப்புகள் தொடராக வந்தவை. ஒரே ஒரு இதழை ஆசையாக வாங்கினால் சிலிண்டர் ஹெட் மட்டும் இருக்கும், கிராங்க் வேறு இதழில் இருக்கும். தொடர் முழுதும் சேர்ந்து கிடைத்தால் மட்டும் பணம் கொடுங்கள். தொடர் முடிந்த பிறகு வரும் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தையும் விடாதீர்கள். வரைபடத்தில் அளவு தப்பாக அச்சாகியிருந்தால், அதைச் செய்து பார்த்து மாட்டிக்கொண்டவர் அங்கேதான் எழுதியிருப்பார்.

அமெரிக்கர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பிலிப் டூக்லோஸ். வார்ப்படம் எதுவும் வாங்காமல், கையில் கிடைக்கும் ராடிலிருந்தும் பிளேட்டிலிருந்தும் கடைந்து செய்கிற என்ஜின்கள் அவருடையவை. அவர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள். அவர் வழியாகத்தான் ‘ஹிட் அண்ட் மிஸ்’ என்ற ரகம் எனக்கு அறிமுகம். வேகம் கூடியதும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும், என்ஜின் எரியாமல் ஃப்ளைவீல் பலத்தில் சுற்றும். வேகம் குறைந்ததும் பிடியை விடும், ஒரு முறை வெடிக்கும். காற்று உள்ளே வரும் வால்வுக்கு, அதைத் தள்ளித் திறக்கும் கேம் கிடையாது, மெல்லிய ஸ்பிரிங் மட்டும். பிஸ்டன் இறங்கும்போது உறிஞ்சும் பலத்திலேயே அது திறந்துகொள்ளும். ஒரே கேம், குறைந்த வேகம், குறைந்த அழுத்தம். முதல் என்ஜினுக்கு இதைவிடப் பொருத்தமான ரகம் வேறு இல்லை என்பது என் முடிவு. ஓடும்போது வரும் சத்தத்தில் தாத்தாவின் கிணற்றடி கேட்கும் என்பதும் ஒரு காரணம்.

இனி என் இழப்பைச் சொல்ல வேண்டும். நான் எடுத்தது ஒரு அமெரிக்க வரைபடம். நமக்கு ஐ.டி.ஐ.யில் கற்றுத்தந்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. அதாவது பொருளை இடப்பக்கமிருந்து பார்த்தால் தெரியும் தோற்றத்தை வலப்பக்கத்தில் வரைவோம். அமெரிக்கர்கள் வரைவது தேர்ட் ஆங்கிள் முறை. இடப்பக்கமிருந்து பார்த்ததை இடப்பக்கத்திலேயே போடுவார்கள். முப்பது வருடமாக டேனரி மிஷின்களின் வரைபடம் படித்த கண்ணுக்குப் பழக்கம்தான் முந்திக்கொண்டது. அலுமினியக் கட்டியிலிருந்து நாலு நாள் குடைந்து எடுத்த கிராங்க்கேஸ், கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாக அமைந்துவிட்டது. தாங்குகட்டைத் துளைகளைப் பெரிய மிஷினில் போர் பண்ண மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். வரைபடத்தையும் பாகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, கேமு இந்தாண்ட வருது. புஷ்ராடு அந்தாண்ட இல்ல கீது?” என்றார். அந்தக் கட்டி இன்னும் என் மேசையில் இருக்கிறது. வரைபடத்தின் ஓரத்தில் வெட்டிய கூம்பு போல ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அது எந்த முறை என்று சொல்லிவிடும். பழைய புத்தகங்களில் அதுவும் இருக்காது. அப்போது ஏதாவது ஒரு எளிய பாகத்தை, ஒரு பக்கம் மட்டும் துளை உள்ளதாகப் பார்த்து, தோற்றங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று முதலில் சோதித்துவிட வேண்டும். பழைய பிரிட்டிஷ் வரைபடங்கள் பெரும்பாலும் நம்முடைய முறைதான்.

இரண்டாவது கண்ணி அங்குலத்தில் இருந்தது. மேஸ்திரிக்கு அங்குலம் கஷ்டமே இல்லை. எட்டு நூல் ஓர் அங்குலம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ், அவர் அதிலேயே பேசுவார். எனக்கு ரீமரும் பேரிங்கும் மில்லிமீட்டரில்தான் கிடைக்கும் என்பதால் ஓர் அங்குலத் துளையை 25 மி.மீ. ஆக்கினேன், மற்ற அளவுகளையும் பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றினேன். கியரில் சிக்கியது. வரைபடத்தில் 20 பல்லும் 40 பல்லும், 24 டி.பி., அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு 24 பல் என்ற கணக்கு. இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுத்தூரம் 1.25 அங்குலம், அதாவது 31.75 மி.மீ. இங்கே கிடைப்பது மாட்யூல் 1 கியர், ஒரு பல்லுக்கு 1 மி.மீ. விட்டம் என்ற கணக்கு. அதே பல் எண்ணிக்கையில் நடுத்தூரம் 30 மி.மீ.தான் வரும். 1.75 மி.மீ. வித்தியாசம். நான் துளை போட்ட இடத்தில் இரண்டு கியரின் பல்லும் ஒன்றையொன்று கவ்வவே இல்லை. கியரையும் பேரிங்கையும் முதலில் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு மற்ற அளவுகளை மாற்றுவதுதான் சரியான வரிசை.

இந்த இரண்டு அடிக்குப் பிறகு ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். புத்தகம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், உலோகத்தைத் தொடும் முன் ஒவ்வொரு பாகத்தையும் மில்லிமீட்டரில், நம் முறையில், பெரிய வெள்ளைத்தாளில் நானே திரும்ப வரைகிறேன். ஒரு மாதம் போகும். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வை இடிக்குமா, கனெக்டிங் ராடு சிலிண்டர் விளிம்பில் உரசுமா, ஒரு போல்ட்டின் தலையில் ஸ்பேனர் மாட்ட இடம் இருக்குமா என்று எல்லாம் தாளிலேயே தெரிந்துவிடும். அச்சுப் பிழைகளும் அகப்படும். இரண்டாவது முறை வரைந்தபோது மூலத்தில் ஒரு துளையின் இடம் இரண்டு தோற்றங்களில் இரண்டு விதமாக இருந்ததைக் கண்டேன். அந்த ஒன்றுக்கே அந்த மாதம் ஈடாகிவிட்டது.

சொற்களிலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் புத்தகத்தில் ‘பாரஃபின்’ என்றால் அது மண்ணெண்ணெய். நம் ஊர் மருந்துக் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது வேறு பொருள். அமெரிக்கர் ‘கேஸ் என்ஜின்’ என்றால் பெட்ரோல் என்ஜின், பழைய ஆங்கிலேயர் அதையே சொன்னால் நிலக்கரி வாயுவில் ஓடுவது. ஒருவர் ‘டிரில் ராடு’ என்பதை மற்றவர் ‘சில்வர் ஸ்டீல்’ என்பார், அதில் வெள்ளி கிடையாது. பி.ஏ. திருகு என்று பழைய பிரிட்டிஷ் அளவு வந்தால் பயப்பட வேண்டாம். 2 பி.ஏ. என்பது 4.7 மி.மீ. விட்டமும் 0.81 பிட்ச்சும், அதன் இடத்தில் எம்5 போடலாம். 6 பி.ஏ. 2.8 மி.மீ., எம்3 போடலாம். துளைக்குச் சுற்றிலும் சதை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகங்கள் சொல்லும் சிலவற்றை இன்று செய்யவே கூடாது. கேஸ்கட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் வெட்டச் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ கார்பன் டெட்ராகுளோரைடு என்பார்கள், அது ஈரலைக் கெடுக்கும். மாடல் டீசலுக்கு ஈதர் கலந்த எரிபொருள் சொல்வார்கள். மூடிய அறையில் ஈதரின் ஆவி எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். டேனரியில் ரசாயனத்தோடு வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்குச் சமரசம் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் டீசல் மாடலைத் தொடாதீர்கள்.

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். பதிப்புரிமை முடிந்த பழைய என்ஜின் நூல் ஒன்றை, கேட்டால் அச்சடித்து அனுப்பும் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். அழகான அட்டை. உள்ளே பிரித்தால், மூலத்தில் மடித்து வைத்திருந்த பெரிய வரைபடத் தாள்களை விரிக்காமலே ஸ்கேன் செய்திருந்தார்கள். ‘படத்தைப் பார்க்க’ என்று இருபது இடத்தில் வருகிறது, படம் எங்கும் இல்லை. என்ஜின் புத்தகத்தில் வரைபடம் இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்து என்ன செய்வது? அவர்கள் பணத்தைத் திருப்பவும் இல்லை. இப்போது வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்கிறேன்: மடிப்புத் தாள்கள் முழுதாக இருக்கின்றனவா, வரைபடத்தின் எண்களைப் படிக்க முடிகிறதா. அதே நூல் டிஜிட்டல் நூலகத்தில் இலவசமாக இருந்தால் முதலில் அங்கே புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன்.

பாரதி சாலையில் கிடைத்தது என்று சொன்னேனே, அது லாரன்ஸ் ஸ்பேரியின் ‘தி அமெச்சூர்ஸ் லேத்’. முதலில் வந்தது 1948இல். என்ஜின் புத்தகம் இல்லை அது. ஆனால் என்ஜின் செய்ய விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது இப்படி ஒரு புத்தகத்தைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். வாழ்நாள் முழுதும் இரும்போடு இருந்த எனக்கே, மெல்லிய சிலிண்டரைச் சக்கில் பிடித்தால் மூன்று பக்கமும் நசுங்கி, கழற்றியதும் துளை வட்டமாக இருக்காது என்பதை எப்படித் தவிர்ப்பது என்று சின்ன வேலைக்கு ஏற்றபடி யோசிக்கத் தெரியவில்லை. டேனரி வேலையில் ஒரு பாகம் பத்துக் கிலோ இருக்கும். இங்கே பத்து கிராம். அதற்குப் பக்கத்தில் டியூபல் கெய்ன் என்ற புனைபெயரில் எழுதியவரின் ‘மாடல் இன்ஜினியர்ஸ் ஹேண்ட்புக்’. திருகு அளவு, டிரில் அளவு, உலோகங்களின் குணம் எல்லாம் அட்டவணையாக இருக்கும் அந்தப் புத்தகத்தின் ஓரமெல்லாம் இப்போது என் விரலின் கிரீஸ்.

மூன்றாவதாகத்தான் என்ஜின் நூல். மால்கம் ஸ்ட்ரைட் எழுதிய ‘மினியேச்சர் இன்டர்னல் கம்பஸ்சன் என்ஜின்ஸ்’ நான் வைத்திருப்பவற்றில் எனக்கு மிகவும் உதவியது. தானே வடிவமைத்துத் தானே ஓட்டிய ஆள் எழுதியது என்பது வாசிக்கும்போதே தெரியும். இந்த மூன்றும் இருந்தால் போதும். கணேசனையும் ஹேவுட்டையும் விட்டுவிடச் சொல்லவில்லை. வால்வு எப்போது திறக்க வேண்டும், கலவை எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அவற்றிடம்தான் போக வேண்டும். கையில் பணம் குறைவாக இருந்தால் அவற்றை நூலகத்தில் படிக்கலாம். பட்டறைப் புத்தகத்தை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். அது பக்கத்திலேயே, அழுக்குக் கையால் தொடும்படி இருக்க வேண்டும்.

ரிங்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் வந்த ‘ஸ்ட்ரிக்ட்லி ஐ.சி.’ என்ற இதழில் ஜார்ஜ் டிரிம்பிள் என்பவர் விளக்கிய முறையைத்தான் இன்று பலரும் பின்பற்றுகிறார்கள், நானும் அதையே செய்தேன். வார்ப்பிரும்பு ராடைச் சிலிண்டர் துளையின் அளவுக்கே கடைந்து, உள்ளேயும் குடைந்து, மெல்லிய வளையங்களாக அறுக்க வேண்டும். 25 மி.மீ. துளைக்கு வளையத்தின் சுவர் 1 மி.மீ. அளவு. ஒவ்வொன்றையும் ஒரு இடத்தில் நறுக்கென்று ஒடிக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் வாய் அகலமாகிவிடும். ஒடித்த வாயை ஒரு முளைமேல் மாட்டி விரித்து, காற்றுப் படாமல் மூடிச் சிவக்கச் சூடாக்கி, தானாக ஆற விட்டால் அந்த விரிவு நிலைத்துவிடும். பிறகு சிலிண்டருக்குள் நுழைத்து வாய் இடைவெளியைப் பார்க்க வேண்டும். எனக்கு 0.08 மி.மீ. வந்தது, மூன்று தவ். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து வாய் முட்டி ஒடியும். அதிகமானால் காற்று போய்விடும். பன்னிரண்டு வளையம் அறுத்தேன். ஏழு ஒடிந்தன. மூன்று வெளிச்சத்தில் பார்த்தால் சுவரோடு ஒட்டாமல் ஒளி கசிந்தது. மீதி இரண்டும் அமைந்தன, எனக்குத் தேவையும் இரண்டுதான்.

வால்வு சீட்டுக்கு மேஸ்திரி சொன்ன சோதனை எந்தப் புத்தகத்தையும்விட எளிது. ஹெட்டைக் கவிழ்த்து, போர்ட்டுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கச் சொன்னார். “டீ குடிச்சிட்டு வந்து பாரு சார், ஈரம் தெரியக்கூடாது” என்றார். முதல் நாள் நனைந்தது. நாலாவது முறை தேய்த்த பிறகு காய்ந்தே இருந்தது. சீட்டின் அகலம் ஒரு கோடு போல இருந்தால் போதும், அகலமானால் அடைப்பு நன்றாக இருக்கும் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே போகக் கூடாது.

பழைய மொபெட்டின் கான்டாக்ட் பாயிண்ட்டும் காயிலும், 10 மி.மீ. திருகுள்ள ஒரு சின்ன பிளக்கும் போட்டு, போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி பட்டறையில் வைத்துச் சுற்றினோம். கட்டைவிரலால் ஃப்ளைவீலைத் தள்ளினால் மேலே வரும்போது எதிர்த்துத் திருப்பி அடித்தது. அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்பதாவது சுற்றில் ஒரு டுப். பிறகு மௌனமாக நாலைந்து சுற்று. மறுபடி ஒரு டுப். அக்கா மகன் “மாமா, நின்னுடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நிற்கவில்லை, அது ஓடும் விதமே அப்படி. பதினொரு நிமிடம் ஓடியது. மேஸ்திரி விரல் நுனியைச் சிலிண்டர்மேல் வைத்து வைத்து எடுத்தார்.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான். “அந்த ரிங்கு சமாச்சாரத்தைத் தமிழ்ல எழுதிக் குடு சார், நம்ம பசங்க படிப்பானுங்க.” நான் தேடியவரை இந்தக் கலைக்குத் தமிழில் ஒரு புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பட்டறையில் பேசுகிற சொற்களிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். அளவு மி.மீ.யில், பக்கத்திலேயே தவ் கணக்கில். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் என் கையால் வரைந்த படம், அதன் ஓரத்தில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் கூம்பு. ரிங் முடிந்தது, வால்வு சீட் முடிந்தது. கார்புரேட்டர் பக்கம் பாதியில் நிற்கிறது. ஊசி வால்வின் சரிவுக்கு என்ன அளவு நன்றாக வேலை செய்கிறது என்று இரண்டு ஊசி கடைந்து ஓட்டிப் பார்த்தேன், மூன்றாவதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்தை எழுத வேண்டும்.